கொழுகொழு குழந்தையின் எடை சரிதானா? தென்னாப்பிரிக்காவுக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு

டர்பனுக்கு வந்த புதிதில் ஒரு நாள் கடையில் பணம் கட்டும் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். மகனுக்கு அப்போது நாலு மாதம். தொடையில் மூன்று மடிப்பு, மணிக்கட்டில் நூல் கட்டி இறுக்கினாற்போல ஒரு கோடு, கழுத்து எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். பின்னால் நின்ற அம்மா தள்ளுவண்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஓ, ஷேம்!" என்றார். எனக்கு முகம் சுருங்கிப் போனது. வீட்டுக்கு வந்து அழுதேன். பக்கத்து வீட்டு ஆன்டிதான் விளக்கினார். அவருடைய கொள்ளுத் தாத்தா கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தத்தில் கப்பலேறி வந்தவர். ஆன்டிக்குத் தமிழில் பத்துப் பதினைந்து சொல்தான் தெரியும், ஆனால் மனசு தெரியும். இந்த நாட்டில் குழந்தையைப் பார்த்து "ஷேம்" என்றால் "அச்சோ, செல்லமே" என்று அர்த்தமாம்.

அன்று ராத்திரியே ஊரிலிருந்து வீடியோ கால். மாமியார், "வெளியே கொண்டுபோகும்போது முகத்தை மூடிக்கோம்மா, கண் பட்டுடும்" என்றார். அவர் பின்னாலிருந்து சின்ன மாமியார், "என்ன இப்படி ஊதிப் போயிருக்கான், டாக்டர்கிட்ட காட்டினியா?" என்று கேட்டார். ஒரே முகம், ஒரே நேரம், ஒருவருக்கு அது ஆரோக்கியம், இன்னொருவருக்கு அது வியாதி.

குழந்தையைக் கண்ணால் பார்த்து எடை சரியா தப்பா என்று சொல்ல முடியாது. பெற்ற தாயாலும் முடியாது, பத்துப் பிள்ளை வளர்த்த பாட்டியாலும் முடியாது. அளந்து, புள்ளி வைத்து, அந்தப் புள்ளிகள் மாதாமாதம் எந்தப் பக்கம் போகின்றன என்று பார்த்தால்தான் தெரியும். அதை இந்த ஊரில் எப்படிச் செய்வது என்பதை எனக்குத் தெரிந்த வரையில் எழுதுகிறேன்.

முதலில் புத்தகம்

இங்கே பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் "ரோடு டு ஹெல்த்" என்ற சின்னப் புத்தகம் தருகிறார்கள். தடுப்பூசி, எடை, உயரம், வைட்டமின் ஏ, குடல்பூச்சி மருந்து எல்லாம் அதில்தான் பதிவாகும். குழந்தை ஊரில் பிறந்து, பிறகு இங்கே கூட்டி வந்திருந்தால், முதல் தடவை கிளினிக் போகும்போதே புதிதாக ஒன்று கேட்டு வாங்கிவிடுங்கள். ஊரில் போட்ட தடுப்பூசி அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள், அந்தத் தேதிகளை சிஸ்டர் இதில் ஏற்றிக்கொள்வார். நர்ஸை இங்கே சிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

எங்கே போவது? அரசு கிளினிக்கில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லாத ஏற்பாடு 1994-லிருந்து இருக்கிறது. வேலை விசாவில் வந்த நம்மவர்கள் பெரும்பாலும் மெடிக்கல் எய்ட், அதாவது தனியார் மருத்துவக் காப்பீடு, எடுத்திருப்போம். அப்படியானால் தனியார் குழந்தை கிளினிக் வசதி. கிளிக்ஸ், டிஸ்-கெம் போன்ற பெரிய மருந்துக்கடைகளின் உள்ளேயே சிஸ்டர் இருக்கிற கிளினிக் பல ஊர்களில் உண்டு. எங்கே போனாலும் புத்தகம் ஒன்றுதான். அதை மறந்து போனால் அன்றைய எடை ஒரு துண்டுச் சீட்டில் எழுதப்பட்டு, அந்தச் சீட்டு கைப்பையிலேயே காணாமல் போகும். எங்கள் வீட்டில் புத்தகம் நாப்பி (டயபர்) பையின் உள் ஜிப்பிலேயே கிடக்கும்.

புத்தகத்தில் உள்ள வளைகோடுகள் உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்டவை. "அது வெள்ளைக்காரக் குழந்தைகளுக்குப் போட்ட கணக்கு, நம் பிள்ளைக்குப் பொருந்தாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா என்று ஆறு நாட்டுக் குழந்தைகளை அளந்து போட்ட கோடுகள் அவை. தாய்ப்பால் குடித்து, புகையில்லாத வீட்டில், நல்ல பராமரிப்பில் வளர்ந்த குழந்தைகள். அப்படி வளர்த்தால் எந்த நாட்டுக் குழந்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்கிறது என்பதுதான் அதில் தெரிந்த விஷயம்.

எடை பார்ப்பதில் ஏமாறாதீர்கள்

இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடக் கூடாது. பாதிப் பயம் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

மகனுக்கு ஐந்து மாதம் இருக்கும். ஜூலை, இந்த ஊருக்குக் குளிர்காலம். ஓர் இடத்தில் அவசர அவசரமாக, கம்பளி ஜெர்சி, நனைந்த நாப்பி, மேலே போர்த்தியிருந்த துணி எல்லாவற்றோடும் தூக்கித் தராசில் வைத்தார்கள். 9.5 கிலோ. "ஓவர்வெயிட்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த குழந்தையைக் கூப்பிட்டுவிட்டார்கள். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் வேறு கிளினிக்கில், ஹீட்டர் போட்ட அறையில், துணியில்லாமல் படுக்க வைத்துப் பார்த்தோம். சரியாக 9 கிலோ. அந்த அரைக் கிலோ வெறும் துணியும் மூத்திரமும்தான்.

அதனால் ஒரு வயதுக்குள் இருக்கிற குழந்தையை முழுக்கத் துணி கழற்றி, நாப்பியும் கழற்றித்தான் எடை பார்க்க வேண்டும். வைப்பதற்கு முன் தராசில் 0 காட்டுகிறதா என்று நீங்களே ஒரு பார்வை பாருங்கள். முடிந்தவரை ஒரே தராசில் பாருங்கள். வாரத்துக்கு இரண்டு தடவை எடை பார்ப்பதால் கவலைதான் கூடும். ஒரு தடவை பால் குடிப்பதும் ஒரு தடவை மலம் கழிப்பதுமே 100, 200 கிராமை மாற்றிவிடும். ஆரோக்கியமாக இருக்கிற குழந்தைக்கு மாதம் ஒரு தடவை தாராளம்.

அப்புறம் நீளம். இரண்டு வயது வரை படுக்க வைத்துத்தான் அளக்க வேண்டும். ஒருவர் தலையைப் பலகையில் ஒட்டிப் பிடிக்க, இன்னொருவர் முழங்காலை மெதுவாக அழுத்திப் பாதத்தை நேராக்க வேண்டும். கூட்டமான நாளில் இதை விட்டுவிடுவார்கள். கொழுகொழு குழந்தையின் பெற்றோர் விடக் கூடாது. "சிஸ்டர், நீளமும் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். ஏன் என்று அடுத்துச் சொல்கிறேன்.

கோடுகளைப் படிப்பது

புத்தகத்தில் மூன்று விதமான வரைபடம் இருக்கும். வயதுக்கு எடை, வயதுக்கு நீளம், நீளத்துக்கு எடை. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி. நடுவில் ஓடுகிற கோடு 0. அதற்கு மேலே 2, 3 என்றும், கீழே -2, -3 என்றும் கோடுகள்.

0 கோடு பாஸ் மார்க் இல்லை. அது நடுக்கோடு, அவ்வளவுதான். பாதிக் குழந்தைகள் அதற்கு மேலே, பாதிக் குழந்தைகள் கீழே. -2-க்கும் 2-க்கும் இடையில் 100-ல் 95 பேர் வந்துவிடுவார்கள்.

ஒரு கணக்குப் பார்ப்போம். 6 மாத ஆண் குழந்தைக்கு நடுக்கோடு 7.9 கிலோ, ஆனால் 6.4-லிருந்து 9.8 வரை -2-க்கும் 2-க்கும் இடைப்பட்ட பரப்புதான். 6 மாதப் பெண் குழந்தைக்கு நடுக்கோடு 7.3, பரப்பு 5.7-லிருந்து 9.3 வரை. ஒரு வயதில் ஆணுக்கு 9.6, பரப்பு 7.7-லிருந்து 12 வரை. பெண்ணுக்கு 8.9, பரப்பு 7-லிருந்து 11.5 வரை. எவ்வளவு அகலம் பாருங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தை 7 கிலோ, நம் குழந்தை 9 கிலோ என்றால் இரண்டுமே சரியாக இருக்கலாம்.

கொழுகொழு குழந்தைக்கு முக்கியமானது மூன்றாவது படம், நீளத்துக்கு எடை. அதில் வயதே கிடையாது. கீழே நீளம், பக்கத்தில் எடை. இந்த நீளத்துக்கு இந்த எடை கூடுதலா என்று அது நேராகச் சொல்லிவிடும். என் மகனுக்கு நாலு மாதத்தில் 8.4 கிலோ. அந்த வயதுக்கு நடுக்கோடு 7 கிலோ என்பதால் முதல் படத்தில் புள்ளி நல்ல உயரத்தில் இருந்தது. ஆனால் அவன் நீளம் 66 சென்டிமீட்டர், வயதுக்கு நெட்டை. மூன்றாவது படத்தில் வைத்தபோது 2 கோட்டுக்குக் கீழேயே விழுந்தது. சிஸ்டர் பென்சிலால் அந்தப் புள்ளியைத் தட்டிக் காட்டி, "பெரிய குழந்தை, குண்டுக் குழந்தை இல்லை" என்றார். நீளம் அளக்காமல் இருந்திருந்தால் எனக்கு அது தெரிந்தே இருக்காது.

நீளத்துக்கு எடை 2 கோட்டைத் தாண்டினால்தான் ஐந்து வயதுக்கு உட்பட்டோரில் எடை கூடுதல் என்கிறார்கள். 3-ஐத் தாண்டினால் உடல் பருமன். ஒரு தடவை தாண்டினால் முதல் வேலை திரும்ப அளப்பது. இரண்டாம் தடவையும் அப்படியே என்றால் டாக்டரிடம் பேச வேண்டும். ஒரே புள்ளியை விடப் புள்ளிகளின் போக்கு பெரிது. முதலிலிருந்தே மேலே இருந்து, கோட்டோடு கோடாக ஒட்டியே போகிற குழந்தையைப் பற்றி அவ்வளவு பயம் வேண்டாம். நடுக்கோட்டில் இருந்துவிட்டு இரண்டே மாதத்தில் விறுவிறுவென்று 2-ஐ நோக்கி ஏறுகிற குழந்தைக்குத்தான் என்ன கொடுக்கிறோம் என்று யோசிக்க வேண்டும்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குத் திருத்திய வயதில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். எட்டு வாரம் முன்னால் பிறந்திருந்தால் நாலு மாதக் குழந்தையை இரண்டு மாதம் என்று கணக்கு வைத்துப் பார்க்க வேண்டும்.

ஏறுகிற வேகம் குறையத்தான் செய்யும்

பிறந்த முதல் சில நாளில் குழந்தை கொஞ்சம் எடை இழக்கும், இரண்டு வாரத்துக்குள் திரும்பப் பிடித்துவிடும். அதன் பிறகு முதல் மூன்று மாதம் மளமளவென்று ஏறும். நடுக்கோட்டு ஆண் குழந்தை 3.3 கிலோவில் பிறந்து மூன்றாம் மாதம் 6.4-ஐத் தொடுகிறது, அதாவது மூன்று மாதத்தில் 3 கிலோவுக்கு மேல். அடுத்த மூன்று மாதத்தில் ஒன்றரைக் கிலோதான். அதற்கடுத்த ஆறு மாதம் முழுவதுக்கும் சேர்த்து 1.7 கிலோ. தாய்ப்பால் மட்டுமே குடிக்கிற குழந்தைகள் முதல் இரண்டு மூன்று மாதம் நன்றாகப் பூசி, பிறகு நிதானப்படுவது வழக்கம்.

ஆகவே நாலு மாதத்தில் கொழுகொழுவென்று இருப்பதைப் பார்த்து "இப்படியே போனால் ஒரு வயதில் என்ன ஆவான்?" என்று கணக்குப் போடாதீர்கள். இப்படியே போகமாட்டான். தவழ ஆரம்பித்ததும் மடிப்பெல்லாம் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். அப்போது ஊரிலிருந்து "பிள்ளை இளைச்சுப் போச்சே" என்று புதுப் பாட்டு வரும். அந்தப் பேச்சைக் கேட்டு ஒன்பது, பத்து மாதத்தில் திணித்து ஊட்டுகிறவர்கள்தான் அதிகம். நான் பயப்படுவது அந்த இடத்தில்தான்.

இன்னொரு விஷயம். கர்ப்பகாலத்தில் சர்க்கரை இருந்த தாய்மாருக்குக் குழந்தை 4 கிலோ தாண்டிப் பெரிதாகப் பிறப்பதுண்டு. நம்மவர்களில் இது சாதாரணம். அப்படிப் பெரிதாகப் பிறந்த குழந்தை முதல் மாதங்களில் மேல் கோட்டிலிருந்து கொஞ்சம் இறங்கி, தன் உடல்வாகுக்கு உரிய கோட்டில் வந்து நிற்கலாம். குழந்தை சுறுசுறுப்பாக, நீளம் ஒழுங்காக வளர்ந்து, நாப்பி நிறைய நனைந்துகொண்டிருந்தால் அது நிலைக்கு வருவது என்று சிஸ்டரே சொல்லிவிடுவார். அந்தத் தாய்க்குப் பிரசவத்துக்குப் பிறகு 6 வாரத்திலிருந்து 12 வாரத்துக்குள் சர்க்கரைப் பரிசோதனை உண்டு. குழந்தை வேலையில் அதை மறந்துவிடாதீர்கள்.

பால்

தாய்ப்பால் குடிக்கிற குழந்தை குண்டாக இருக்கிறது என்பதற்காகப் பாலைக் குறைக்கவே கூடாது. பசித்தால் குடிக்கும், போதும் என்றால் வாயை எடுத்துவிடும். 6 மாதம் வரை தண்ணீர்கூட வேண்டாம். டர்பன் வெயிலிலும் வேண்டாம், இன்னும் ஒரு தடவை பால் கொடுத்தால் போதும். இங்கே சில வீடுகளில் குழந்தைக்கு ராய்போஸ் தேநீர் கொடுக்கிற பழக்கம் உண்டு. அன்போடுதான் சொல்வார்கள், ஆனால் பால் குடிக்க வேண்டிய வயிற்றில் அது இடத்தை அடைத்துக்கொள்ளும். சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள்.

பால்மாவு கொடுப்பவர்கள் குற்ற உணர்ச்சி பட வேண்டியதில்லை, கவனம் பட வேண்டும். டின்னில் உள்ள கரண்டியில் மாவை அள்ளி, கத்தியின் முதுகால் மேலே ஒரு வழி வழித்துச் சமப்படுத்துங்கள். அழுத்தக் கூடாது, குவிக்கக் கூடாது. முதலில் தண்ணீர், பிறகு மாவு. கொதித்து அரை மணி நேரத்துக்குள் உள்ள சூடான தண்ணீரில் கலக்கி, ஆறவைத்துக் கொடுங்கள். எத்தனை மில்லிக்கு எத்தனை கரண்டி என்பது டின்னுக்கு டின் மாறும். ஊரிலிருந்து கொண்டுவந்த டின்னின் கரண்டியை இங்கே வாங்கிய டின்னுக்குப் போடாதீர்கள். இந்த ஒரு தப்பிலேயே குழந்தைக்கு நாள் முழுக்கக் கெட்டிப் பால் போய்க்கொண்டிருக்கும், யாருக்கும் தெரியாது.

"குண்டாக இருக்கிறான், கொஞ்சம் தண்ணியாகக் கலக்கலாமே" என்று நினைத்தால் அது இன்னும் ஆபத்து. ரத்தத்தில் உப்புச் சத்து குறைந்து வலிப்பு வரைக்கும் போகலாம். கெட்டியும் வேண்டாம், தண்ணியும் வேண்டாம். பாட்டிலில் செரியல் மாவைக் கரைத்து ராத்திரி தூங்க வைப்பதும் வேண்டாம்.

பாட்டிலைக் கொடுக்கிற விதமும் முக்கியம். குழந்தையைக் கொஞ்சம் நிமிர்த்தி வைத்து, பாட்டிலை ஏறக்குறையப் படுத்தவாக்கில் பிடித்து, நடுநடுவே இடைவெளி விடுங்கள். தலையைத் திருப்புகிறதா, சப்புவது நின்று வேடிக்கை பார்க்கிறதா, விரல்கள் விரிந்து தளர்கின்றனவா? வயிறு நிறைந்துவிட்டது. மீதி 30 மில்லியைக் கொட்டிவிடுங்கள். பாலைக் கொட்டுவது நம் வளர்ப்புக்குக் கஷ்டம்தான், எனக்கும் கை வராது. ஆனால் குழந்தையின் வயிறு மிச்சம் பிடிக்கிற பாத்திரம் இல்லை. ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் போகிறதென்றால் சிஸ்டரிடம் பேசுங்கள். அழுகைக்கெல்லாம் பாட்டில் பதில் இல்லை. தூக்கம், ஈரம், சூடு, தூக்கிக்கொள் என்ற ஏக்கம், எல்லாவற்றுக்கும் அது அழுதுதான் சொல்லும்.

கடையில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். இங்கே பால்மாவு டின்னில் கொழுகொழு குழந்தையின் படம் இருக்காது. 2012-ல் வந்த ஆர் 991 என்ற விதி அதைத் தடுக்கிறது, விளம்பரத்தையும் தடுக்கிறது. கொழுத்த கன்னத்தைக் காட்டி மாவு விற்ற காலத்தில் வளர்ந்தவர்கள் நாம். நல்ல குழந்தை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நம் கண்ணில் பதிந்த படம் அந்த டின்களிலிருந்து வந்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

6 மாதத்துக்குப் பிறகு

எடை கூடுதலான குழந்தைக்கும் 6 மாதத்தில் சாப்பாடு தொடங்கத்தான் வேண்டும். முன்னாலும் வேண்டாம், பின்னாலும் வேண்டாம். ஆடி மாதம் மாரியம்மன் கோயில் கூழ் வார்க்கும்போது, இங்கே அதைப் போரிஜ் பிரேயர் என்பார்கள், ஒரு வயதான அம்மா என் ஐந்து மாத மகன் வாயில் ஒரு கரண்டி வைக்க வந்தார். "ஆறு முடியட்டும் ஆயா, அடுத்த வருஷம் ஒரு கிண்ணமே குடிப்பான்" என்று சொல்லிக் கும்பிட்டேன். அவருக்கும் வருத்தமில்லை, பிரசாதத்தை நான் குடித்தேன்.

குண்டுக் குழந்தைக்கு இரும்புச் சத்து குறையாது என்று நினைக்காதீர்கள். பால் மட்டும் குடித்துக் கொழுகொழுவென்று வெளுத்துப்போன குழந்தைகள் உண்டு. அதனால் முதலிலிருந்தே பருப்பு, முட்டை, சைவமில்லாத வீடென்றால் நன்கு வெந்த கோழி ஈரல், மீன். கோழி ஈரல் இந்த ஊரில் மலிவு. டின்னில் வரும் பில்ச்சர்ட் மீனை முள் பார்த்து மசித்துக் கொடுக்கலாம், ஆனால் சாஸில் உப்பு இருக்கும், கழுவிவிடுங்கள். பட்டர்நட் பூசணி, சர்க்கரைவள்ளி, மடும்பி என்று சந்தையில் விற்கிற சேப்பங்கிழங்கு எல்லாம் நன்றாகக் குழையும். சோள மாவுக் கஞ்சியை மட்டுமே மூன்று வேளையும் கொடுப்பதுதான் தப்பு, வயிறு நிறையும், சத்து வராது.

ஒரு வயது வரை உப்பு, சர்க்கரை, தேன், ஜூஸ் வேண்டாம். பசும்பாலைக் குடிக்கக் கொடுப்பதும் ஒரு வயதுக்கு மேல்தான். இரண்டு வயதுக்குள் கொழுப்பு நீக்கிய பால் கூடாது, குண்டாக இருந்தாலும் கூடாது. மூளை வளர அந்தக் கொழுப்பு வேண்டும். 6 மாதத்தில் கிளினிக்கில் வைட்டமின் ஏ சொட்டு கொடுப்பார்கள், கேட்டு வாங்குங்கள்.

உடம்பை அசைய விடுங்கள்

கொழுகொழு குழந்தைகள் குப்புறக் கவிழவும் தவழவும் கொஞ்சம் நிதானமாக வருவதுண்டு. தூக்க வேண்டிய பாரம் அதிகம், பாவம். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னபடி, நகரத் தெரியாத குழந்தைக்கு விழித்திருக்கும்போது ஒரு நாளில் 30 நிமிடமாவது குப்புறப் படுக்க வைத்து விளையாட்டு வேண்டும், பிரித்துப் பிரித்து வைக்கலாம். தள்ளுவண்டி, கார் சீட், உட்காரும் நாற்காலி எதிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து கட்டி வைக்க வேண்டாம். சக்கரம் வைத்த வாக்கர் வாங்காதீர்கள், யாராவது பரிசாகத் தந்தாலும் மாடிப்படி உள்ள வீட்டில் அது பெரிய அபாயம். தூங்க வைப்பது எப்போதும் மல்லாத்தித்தான்.

மடிப்புகளை மறக்காதீர்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வழிந்த பாலும் வியர்வையும் சேர்ந்து டர்பன் ஈரத்தில் ஒரே நாளில் புண்ணாகும். வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து, ஒற்றி உலர்த்துங்கள், பவுடர் வேண்டாம். மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு களிம்பை மாதக்கணக்கில் தடவாதீர்கள். அது தோல் வழியாக உடம்பில் இறங்கி, முகம் உப்பி, நீள வளர்ச்சியையே நிறுத்திவிடலாம். ஒரு தொடையில் மடிப்பு மேலே, இன்னொன்றில் கீழே என்று சமமில்லாமல் இருந்து, ஒரு கால் விரிய மறுத்தால் இடுப்பு மூட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும்

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். குழந்தை பூசினாற்போலத் தெரிவது கொழுப்பாலா, நீர் வீக்கத்தாலா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டு பாதத்தின் மேல்பக்கத்திலும் பெருவிரலால் மூன்று விநாடி மெதுவாக அழுத்திப் பாருங்கள். விரலை எடுத்ததும் சதை நிமிர்ந்துவிட்டால் கொழுப்பு. குழி விழுந்து அப்படியே நின்றால் நீர். சத்துக் குறைவால் வரும் குவாஷியோர்கர் என்ற நோயில் குழந்தை மெலியாமல் உப்பித்தான் தெரியும். முகம் உருண்டை, கால் வீக்கம், முடி வெளிறி, சாப்பாடு வேண்டாம் என்ற சோர்வு. "நல்லாக் கொழுத்திருக்கான்" என்று வீட்டில் சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்பார்கள். இங்கே கிளினிக்குகளில் சிஸ்டர் பாதத்தை அழுத்திப் பார்ப்பது இதற்காகத்தான். சிறுநீரகக் கோளாறிலும் காலையில் கண் இமை வீங்கும். குழி விழுந்தால் அன்றே டாக்டர், மறுநாள் இல்லை.

எடை ஏறுகிறது, நீளம் நின்றுவிட்டது என்றாலும் உடனே காட்டுங்கள். அதிகப் பாலால் குண்டாகிற குழந்தை சாதாரணமாக நீளமும் சேர்ந்தே வளரும். நீளம் நின்றால் தைராய்டு, ஹார்மோன் என்று வேறு காரணம் தேட வேண்டியிருக்கும். பிறந்ததிலிருந்தே துவண்டு, பால் சப்பச் சிரமப்பட்ட குழந்தை பிறகு அதிகப் பசியோடு குண்டாவது, தூக்கத்தில் பலமாகக் குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வருவது, தலை நிற்பதும் உட்காருவதும் மிகவும் தாமதமாவது, இவையும் சொல்ல வேண்டியவை.

பால் குடிக்கும்போது வியர்த்துக் கொட்டி மூச்சு வாங்கினால் எடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்காதீர்கள், அவசரம். அரசு ஆம்புலன்ஸ் 10177, கைபேசியிலிருந்து 112.

ஊர்ப் பேச்சும் உங்கள் மனமும்

இங்கே அம்மாவும் மாமியாரும் பக்கத்தில் இல்லை. ஒரு சொல் கேட்டால் அதையே நாலு நாள் மென்றுகொண்டிருப்போம். மோம்கனெக்ட் என்ற அரசு சேவையில் *134*550# அடித்துப் பதிந்துகொண்டால் கர்ப்ப காலத்திலிருந்து குழந்தை வளரும் வரை செய்தி வரும், கேள்வியும் கேட்கலாம். காசு கிடையாது. தமிழில் இல்லை, ஆங்கிலத்தில் எளிதாக இருக்கும்.

வீட்டாரிடம் வாதாடாதீர்கள். திருஷ்டிப் பொட்டு வைக்கச் சொன்னால் கன்னத்தில் இல்லாமல் பாதத்தில் ஒன்று வையுங்கள், யார் மனமும் நோகாது. ஒவ்வொரு தடவையும் எடை பார்த்ததும் அந்த வரைபடப் பக்கத்தைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிடுவேன். முதலில் யாருக்கும் புரியவில்லை. மாமனார்தான், ரேஷன் கடையில் எடை போட்டுப் பழகியவர், மூன்றாம் மாதமே கோட்டைப் பிடித்துக்கொண்டார். ஒரு வயதில் மகன் 10.9 கிலோ, 78 சென்டிமீட்டர். நடுக்கோட்டுப் பக்கமாகவே இறங்கி வந்திருந்தான். மாமியார், "இளைச்சுட்டானே" என்று ஆரம்பித்தார். "உயரத்தைப் பாரு, நெடுக வளர்ந்திருக்கான், எடை கோட்டை விட்டுப் போகலை" என்று மாமனார் பின்னாலிருந்து சொன்னது கேட்டது.

அடுத்த தடவை கிளினிக் போகும்போது ஒரு மாற்று நாப்பி, ஒரு மெல்லிய துண்டு, ஒரு பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். துண்டைத் தராசில் விரித்து, 0 ஆக்கச் சொல்லி, அதன் மேல் குழந்தையை வையுங்கள், குளிர்ந்த தட்டு முதுகில் படாது. எடை, நீளம், தேதி மூன்றையும் எழுதிய பிறகு, அங்கேயே நின்று, மூன்று படத்திலும் புள்ளி விழுந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுந்திருங்கள்.